விழும் பல் தானே?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையின்கண் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய யான் ஓர் இலக்கியப் பொருளையே எடுத்துக்கொள்வேன் என்று அன்னார் எண்ணியிருத்தல் கூடும். யானோ நம் சிறுவர் சிறுமியரின் பற்களைப் பற்றிப் பேசத் துணிந்தேன். 'இவருக்கும் இதற்கும் என்ன இயைபு?' என்று சிலர் வினவலாம். சொல்லைக் கற்பிப்பவன் பல்லை மறத்தல் இயலாது என்பதே என் விடை. தொல்காப்பியனார் எழுத்துக்களின் பிறப்பை விளக்கப் புகுந்தவிடத்து, ஒலி பிறத்தற்குரிய எட்டு உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாக வைத்து எண்ணினார். நாவின் நுனி பல்லின் அடியைச் சென்று பொருந்தினாலன்றித் தகர நகரங்கள் பிறவா. மேற்பல்லும் கீழிதழும் இயைந்தாலன்றி வகரம் பிறவாது. முன்பற்களைக் காலத்திற்கு முன்னரே சொத்தையினால் இழந்த குழந்தைகள் இவ்வெழுத்துக்களை ஒலிக்க இடர்ப்படுதலை யான் வகுப்பிற் பன்முறை கேட்டிருக்கின்றேன். பிழையாக ஒலித்தமைக்குப் பிற பிள்ளைகள் நகைப்ப, அக்குழந்தை பின்னர் வாய் திறப்பதற்கே நாணுகின்றது. பல்நோவினால் இரவெல்லாம் உறங்காத மாணாக்கனுக்கோ, எத்துணைச் சுவையுள்ள பாடமும் கசக்கும். ஆகவே இஃது என் துறைக்கு அயலான பொருளன்று.

யான் இன்று கூறப்போகும் செய்திகள் பலவாயினும், அவை யாவும் ஒரே கருத்தைச் சார்ந்தன. நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல் உண்டு. குழந்தையின் பல்லிற் கரும்புள்ளி கண்டவிடத்தும், ஈறு வீங்கியவிடத்தும், 'விழும் பல் தானே, போகட்டும்' என்று நாம் கூறிவிடுகின்றோம். பெரியோர்களே! இவ்வொரு சொல்லே நம் பிள்ளைகளின் பற்களுக்குப் பெரும் பகை என்பது என் துணிபு. சர்க்கரையும் கிருமியும் செய்யும் தீமையை நாம் தடுத்துவிடலாம். இந்த அலட்சியம் நம் உள்ளத்தில் உள்ளளவும் அதனைத் தடுக்கும் முயற்சியே தோன்றாது.

விழும் பல்லின் தொழில்

முதற்கண் அச்சொல்லின் உண்மையை ஆராய்வோம். மக்களுக்குப் பற்கள் இருமுறை முளைக்கின்றன. முதலில் தோன்றுவன பால்பற்கள் இருபது. இவை ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, குழந்தைக்கு இரண்டரை அல்லது மூன்று வயது நிரம்பும்பொழுது நிறைவெய்துகின்றன. பின்னர் வருவன நிலைப்பற்கள். ஞானப்பற்கள் நான்கையும் கூட்டி இவை முப்பத்திரண்டு.

பால்பற்களுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுவன. ஆயின் கடைவாய்ப் பால்பற்களோ அங்ஙனமல்ல. இரண்டரை வயதளவில் வந்த அவை பத்து முதல் பன்னிரண்டு வயது வரையில் நின்று உணவை அரைத்துத் தருதல் வேண்டும். எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகள்! ஒரு குழந்தை எலும்பும் தசையுமாக வளர்ந்து உரம் பெறும் காலமெல்லாம் உழைப்பதற்காக அமைந்த உறுப்பினை, 'விழும் பல் தானே' என்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? பத்தாண்டு குடியிருக்கப்போகும் வீட்டின் கூரை ஒழுகினால், 'என்றேனும் இடிக்கும் வீடு தானே' என்று வாளாவிருப்பார் உளரோ?

இவற்றிற்கு மற்றொரு தொழிலும் உண்டு. ஒவ்வொரு பால்பல்லின் வேரடியிலும் ஒரு நிலைப்பல் தாடையெலும்பினுள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றது. மேலுள்ள பால்பல் கீழுள்ள பல்லுக்காக இடத்தைக் காத்து நிற்கின்றது. அது சொத்தையாகி உரிய காலத்திற்கு முன்னரே பிடுங்கப்படுமாயின், பக்கத்துப் பற்கள் அவ்வெற்றிடத்தில் சாய்ந்துவிடும். பின்னர் வரும் நிலைப்பல் தன் இடம் பறிபோனமையால் கோணிக்கொண்டு முளைக்கும். அல்லது முளைக்கமாட்டாது எலும்பினுள்ளேயே தங்கிவிடும். பால்பல்லின் வேர்வரை சீழ் பிடித்துவிட்டாலோ, கீழே உருவாகும் நிலைப்பல்லின் மேற்பூச்சே பழுதுறுதலும் உண்டு. எனவே விழுந்துவிடும் பல்லின் நோய், விழாத பல்லையும் தொடர்கின்றது.

ஆறாம் வயதில் வரும் விருந்தாளி

இனி, யான் தலையாய செய்தியாகக் கருதுவதனைக் கூறுவேன். தாய்மார்கள் இதனைச் சிறிது கூர்ந்து கேட்டல் வேண்டும்.

புதுப்பல் என்பது பழைய பல் விழுந்த இடத்திலேதான் முளைக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். இஃது எல்லாப் பற்களுக்கும் பொருந்தாது. குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு வயதாகும்பொழுது, மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை எந்தப் பல்லின் இடத்திலும் வருவன அல்ல. பால்பற்களின் வரிசைக்குப் பின்னே, வாயின் உட்கோடியில், ஒரு பல்லும் விழாமலே ஓசையின்றி வந்து அமர்கின்றன. பல் விழுந்தாலன்றோ வீட்டார் அறிவர்? விழாமையால் ஒருவரும் அறிவதில்லை. அறிந்தாலும், அருகிலுள்ளவை பால்பற்களாதலின், இதனையும் பால்பல்லென்றே கருதிவிடுகின்றனர். உண்மையில் இந்நான்கும் நிலைப்பற்கள், ஆயுள்முழுதும் நிற்கவேண்டியவை, மெல்லும் வேலையில் முதன்மையானவை. இவை அழிந்தால் மற்றொரு முறை முளைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பிற் பயின்ற மாணாக்கன் ஒருவன் கன்னம் வீங்கி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவனைத் தகப்பனார் அழைத்துவந்தார். கீழ்த்தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார். "பால்பல் தானே ஐயா, விழுந்து முளைக்கும் என்று இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, இது இனி முளைக்காது என்று சொல்லிவிட்டார்" என்று அவர் கூறியபொழுது அவர் குரல் தழுதழுத்தது. பதினோரு வயதுச் சிறுவன். இனி எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் அப்பல் இல்லை. அவர் மகன்மீது அன்பில்லாதவர் அல்லர். மகனுக்கு மேசையும் விளக்கும் வாங்கித் தந்தவர். நாள்தோறும் பாடம் படித்தானா என்று கேட்பவர். அவருக்கு ஒரு செய்தி தெரியவில்லை. அதனைத் தெரிவிப்பாரும் இலர். அச்செய்தியை இங்குள்ள ஒவ்வொருவரும் இன்று அறிந்து செல்வீராயின், என் பேச்சு பயன்பட்டதாகக் கொள்வேன்.

இப்பற்களின் மேற்பரப்பில் ஆழ்ந்த வெடிப்புக்களும் குழிகளும் உள்ளன. தூரிகையின் மயிர் நுழையவியலாத அவ்விடுக்குக்களிலேதான் சொத்தை முதலில் தோன்றும். பல் முழுதும் வெளிவந்தவுடன் பல் மருத்துவரிடம் காட்டினால், அக்குழிகளை ஒருவகைப் பிசினால் அவர் பூசி அடைத்துவிடுவார். ஊசியும் இல்லை, குடைதலும் இல்லை, நோவும் இல்லை. மழைக்கு முன்னே கூரையை வேய்வது போன்றது இது.

புழுவன்று, புளிப்பே

சொத்தை எங்ஙனம் உண்டாகின்றது? பல்லிற் புழு புகுந்து அரிக்கின்றது என்று நம் முன்னோர் பலர் நம்பினர். பிற நாட்டினரும் அங்ஙனமே நம்பினர். கண்டங்கத்திரி விதையைத் தீயிலிட்டு அப்புகையை வாயிற் பிடித்துப் 'புழு' விழுந்ததாகக் காட்டுவாரும் உளர். பல்லில் புழு இல்லை. 1890-ம் ஆண்டில், பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த மில்லர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் வாயிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். உணவிலுள்ள மாவையும் சர்க்கரையையும் அந்நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்கின்றன என்றும், அப்புளிப்பினால் உண்டாகும் அமிலமே பல்லைக் கரைக்கின்றது என்றும் அவர் காட்டினார். இவ்வேலையில் முன்னிற்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் கிருமியை 1924-ம் ஆண்டில் கிளார்க் என்பவர் இங்கிலாந்தில் பிரித்தறிந்தார்.

தோசை மாவு இரவில் புளிப்பதனை அறியாத தாய்மார் இலர். அம்மாவில் நடப்பதுபோன்ற ஒன்றே நம் பற்களின்மேற் படிந்துள்ள வழவழப்பான அழுக்கினுள்ளும் நடக்கின்றது. இனிப்பு வாயிற்பட்ட சில நிமிஷங்களுக்குள் அங்கே புளிப்பு மிகுகின்றது. பல்லின் மேற்பூச்சு நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள், எலும்பினும் வன்மையுடையது. ஆயினும் அமிலத்தின் முன் அஃது உப்புக்களை இழந்து மெலிகின்றது. பின்னர் உமிழ்நீர் மெல்ல மெல்ல அப்புளிப்பை ஆற்றி, இழந்த உப்புக்களை மீண்டும் பல்லுக்குத் தருகின்றது. இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். 1940-களில் ஸ்டெஃபான் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல்லழுக்கின் புளிப்பை அளந்து, இந்த வீழ்ச்சியையும் மீட்சியையும் வரைந்து காட்டினார்.

இதிலிருந்து பெறப்படும் நீதி யாது? பல்லுக்குத் தீங்கு செய்வதில் இனிப்பின் அளவினும், அதனை எத்தனை முறை உண்கின்றோம் என்பது பெரிது. ஒரு சிறுவன் சோற்றுடன் ஒரு துண்டு மைசூர்ப்பாகு தின்றால், அவன் பல் ஒருமுறை அடிபட்டு ஒருமுறை தேறுகின்றது. அதே அளவு இனிப்பை மிட்டாயாகப் பையில் வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை ஒவ்வொன்றாகச் சுவைப்பானாயின், பல் தேறுவதற்கே நேரமில்லை. 1945-ம் ஆண்டு முதல் சுவீடன் நாட்டில் விப்பெஹோல்ம் என்னும் மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இதனைச் சோதித்தனர். உணவுக்கு இடையிடையே ஒட்டும் இனிப்பைத் தின்றவர்களுக்கே சொத்தை மிகுந்தது என்பதனை அம்முடிவுகள் தெளிவாக்கின. தம் இசைவைத் தர இயலாத நோயாளர்களின் பற்களை வேண்டுமென்றே கெடவிட்ட அச்சோதனை பின்னர்க் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது, கண்டிக்கத்தக்கதே. பிறர் துன்பத்தால் வந்த அறிவாதலின், அதனை வீணாக்காமல் நம் பிள்ளைகளைக் காத்தலேனும் நம் கடன்.

வெல்லமும், கருப்பட்டியும், பனங்கற்கண்டும், தேனும் பல்லுக்குத் தீங்கு செய்யா என்று சிலர் எண்ணுகின்றனர். கிருமிக்கு இவ்வேறுபாடு தெரியாது. அவையும் அதற்கு இரையே. பாலுள்ள புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுதல் மிகக் கொடியது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைவதால், பாலின் இனிப்பு இரவெல்லாம் பல்லிலேயே தங்கும். இரண்டு வயதுக் குழந்தையின் மேல்முன்பற்கள் கரிந்து அடியோடு சிதைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ம் ஆண்டில் வெளியிட்ட நெறிப்படி, உணவிற் சேர்க்கும் சர்க்கரையினின்று பெறும் ஆற்றல் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைதல் வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறைதல் இன்னும் நன்று. நாளொன்றுக்கு 1,500 கலோரி உண்ணும் சிறுவனுக்கு இவ்விருபதில் ஒரு பங்கு ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையையும் எட்டாது. கடையில் விற்கும் சோடா பானங்கள் பலவற்றில் ஒரு சிறு புட்டியே இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது.

பல் துலக்கும் முறை

பல் துலக்குதலை நம்மவர்க்கு ஒருவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையில், பெருவாயின் முள்ளியார் வைகறையிற் கோல்கொண்டு பல் துலக்குதலை ஒழுக்கங்களுள் ஒன்றாக விதித்தார். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதியென்னும் பழமொழியை அறியாத சிறுவர் இலர். முன்னோர் கொண்ட இச்சிரத்தையே நமக்கு முதற்செல்வம். ஆயின் அவர்கள் காலத்தில் மூன்று வேளையன்றி இடைத்தீனி அரிது. பிஸ்கட்டும் சாக்லேட்டும் இல்லை. இன்று பகை பெருகிவிட்டமையால் காவலும் பெருகுதல் வேண்டும்.

காலையில் துலக்கும் நாம் இரவில் துலக்குவதில்லை. உண்மையை நோக்கின், இரவில் துலக்குதலே இன்றியமையாதது. அதன்பின் தண்ணீரன்றி வேறொன்றும் வாயிற் படலாகாது. காலையும் இரவும் இவ்விரண்டு நிமிஷம் மெல்லிய மயிருள்ள சிறு தூரிகையினால், பல்லும் ஈறும் கூடும் இடத்தையும், கடைவாய்ப் பற்களின் மேற்புறத்தையும், உட்புறத்தையும் துலக்குதல் வேண்டும்.

பற்பசையில் ஃபுளோரைடு என்னும் உப்பு இருத்தல் நலம். அது மேற்பூச்சை வலுப்படுத்தி அமிலத்தைத் தாங்கச் செய்கின்றது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ம் ஆண்டில் ஃபுளோரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. ஆயின் அளவு முக்கியம். முதற்பல் முளைத்தது முதல் மூன்று வயது வரை ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விளம்பரப் படங்களிற் காண்பதுபோல் தூரிகை நிறையப் பிதுக்குதல் வேண்டா. குழந்தை அதனை விழுங்காமல் துப்பப் பழக்குக. துப்பியபின் பலமுறை கொப்புளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடுதலும் வேண்டா.

ஏழு, எட்டு வயது வரையில் குழந்தைக்குத் தானே செம்மையாகத் துலக்கும் கைத்திறன் வாராது. 'அவனே துலக்கிக்கொள்கிறான்' என்று பெருமை கொள்ளாமல், இரவில் ஒருமுறையேனும் தாயோ தந்தையோ துலக்கிவிடுதல் வேண்டும். எழுத்தறிவிக்கும்பொழுது கைபிடித்து எழுதுவிக்கின்றோமன்றோ? அதுவே இங்கும் முறை. செங்கற்பொடியும் கரித்தூளும் சொரசொரப்பால் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். தேய்ந்த பூச்சு மீள வளர்வதில்லை. புகையிலை கலந்த பற்பொடியோ நஞ்சே ஆகும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதனை இந்திய அரசினர் 1992-ம் ஆண்டிலேயே தடை செய்துள்ளனர்.

இங்கு ஓர் ஐயம் எழும். 'ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கும் என்கின்றனரே, தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகளின் பற்கள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருப்பது அதனாலன்றோ?' என்று ஓர் அன்பர் முன்னொரு நாள் என்னை வினவினார். அவர் கேட்டது நியாயமே. சென்னை இராஜதானியிலே ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுநீரினால் பல்லும் எலும்பும் நோயுற்றதனை மருத்துவர்கள் 1937-ம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இத்துன்பத்தைக் குறைப்பதற்காகவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பெற்றது. பல் உருவாகும் சிறுவயதில் நாள்தோறும் மிகுதியாக விழுங்கும் ஃபுளோரைடு கறையையும் குழியையும் உண்டாக்கும். பல்லின் மேற்புறத்தில் அளவாகப் பட்டுத் துப்பப்படும் ஃபுளோரைடோ சொத்தையைத் தடுக்கும். உப்பு உணவிற்கு வேண்டியதே. அதனால் உப்புநீரைக் குடிப்பார் இலர். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள ஊர்களில் உள்ளோர், வேறு நல்ல நீரைத் தேடுதலும், பற்பசையைப் பற்றி மருத்துவரைக் கேட்டு நடத்தலும் தக்கன.

இளைஞர்க்குச் சில சொற்கள்

இனி, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவச் செல்வங்களே, நுங்களை நோக்கிச் சில கூறுவேன். நுமக்கு இனி விழும் பல் இல்லை. உள்ளன யாவும் நிற்கும் பற்களே. பருவமெய்தும் காலத்தில் உடலில் உண்டாகும் மாறுதலினால் ஈறுகள் எளிதிற் சிவந்து வீங்கும். துலக்கும்பொழுது இரத்தம் கசியும். அதனைக் கண்டு அஞ்சித் துலக்காமல் விடுவது தவறு. மெல்லத் துலக்கி அழுக்கை நீக்கினால், பெரும்பாலும் சில நாட்களிலேயே அது நிற்கும். நில்லாவிடின் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பற்களைச் சீராக்கக் கம்பி கட்டிக்கொண்டோர், கம்பியினிடையே தங்கும் உணவை நீக்க இருமடங்கு நேரம் துலக்குதல் வேண்டும். இல்லையேல் வரிசை திருந்தும், பல் கெடும்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. பொட்டலங்களில் விற்கும் பாக்கையும் புகையிலையையும் வேடிக்கையாக வாயிலிடும் பழக்கம் மாணாக்கரிடையே பரவிவருகின்றது. புகையிலை மட்டுமன்று, பாக்குத் தனியே மெல்லினும் புற்றுநோயை விளைக்கும் என்பதனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-ம் ஆண்டில் முடிவு செய்து வெளியிட்டனர். பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்டசை நார்போல் இறுகி, வாயைத் திறக்கவே இயலாத ஒரு நோய் வருகின்றது. இருபது வயது இளைஞன் ஒரு கவளம் சோற்றை வாயிலிட இயலாமல் தவிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். 2003-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதார்க்குப் புகையிலை விற்றலும், கல்விச்சாலைக்கு நூறு கஜ எல்லைக்குள் விற்றலும் குற்றமாகும். அவ்வாறு விற்கும் கடையைக் கண்டால் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் அஞ்சாது கூறுக.

பல் உடைந்து வீழ்ந்தவிடத்துச் செய்வது

விளையாட்டுக் களத்தில் நேரும் விபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நிலையான முன்பல் ஒன்று அடிபட்டு வேரோடு வெளியே விழுந்துவிட்டால், நாம் அதனைக் குப்பையிலெறிந்து குருதியை மட்டும் துடைக்கின்றோம். அப்பல்லை மீண்டும் ஊன்றவியலும் என்பதனைப் பலர் அறியார். பல்லைத் தேடியெடுத்து, வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பற்றிக்கொள்க. அழுக்குப் பட்டிருந்தால் நீரில் சிறிதே அலசுக, தேய்த்தலாகாது. சிறுவன் இடந்தருவானாயின், அதன் குழியிலேயே நேராகப் பொருத்தி, ஒரு கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொள்ளச் செய்க. இயலாதாயின், ஒரு குவளைப் பாலில் இட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் விரைக. அரைமணிக்குள் சென்றால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரு மணி கடந்தால் அரிது. விழுந்தது பால்பல்லாயின் அதனைத் திரும்பப் பொருத்தலாகாது. கீழுள்ள பல்லுக்கு அஃது ஊறு செய்யும். ஆயினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நம் சங்கம் செய்யத் தக்கன

உலகமுழுதும் 51 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பால்பற் சொத்தையினால் வருந்துகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் ஆண்டு அறிக்கையிற் கூறியுள்ளது. அத்துணைப் பேரையும் நாம் காத்தல் இயலாது. நம் வீட்டுக் குழந்தைகளையும், நம் சங்கத்தின் கண்காணிப்பில் வளரும் குழந்தைகளையும் காத்தல் இயலும். அதற்கு மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, நம் ஆண்டு விழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் சிறுவர்க்கு மிட்டாய்ப் பொட்டலம் வழங்கும் வழக்கத்தை மாற்றி, பழமோ, வேர்க்கடலையோ, சுண்டலோ வழங்குவோமாக. அதனுடன் ஒரு பல் தூரிகையும் சேர்த்துத் தந்தால் செலவு பெரிதாகாது.

இரண்டாவது, சங்கத்தின் ஆதரவில் விடுதியிற் பயிலும் மாணாக்கர் இரவு உணவிற்குப் பின் பல் துலக்குதலை உணவுமணி போலவே ஒரு விதியாக்குக. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரை அழைத்து அவர்கள் பற்களைப் பார்க்கச் செய்க. அரசினர் பள்ளிகளில் 2013-ம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்னும் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும்பொழுது பற்களையும் பார்க்கின்றனர். அவர்கள் எழுதித் தரும் சீட்டைப் பையிலேயே மடித்து வைக்காமல், பிள்ளையை அவர்கள் கூறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பெற்றோருடையது. நோவு வந்தபின் செல்வது என்னும் வழக்கத்தை விடுத்து, முதல் ஆண்டு நிறைவிலேயே குழந்தையை ஒருமுறை காட்டத் தொடங்குதல் நலம்.

மூன்றாவதே யான் மிகவும் விரும்புவது. நாம் சடங்குகளை மறவாத குடியினர். காதுகுத்துக்கு நாள் பார்க்கின்றோம். முடியிறக்குதற்கு நாள் பார்க்கின்றோம். ஏட்டில் எழுத்துத் தொடங்குதற்கு நாள் பார்க்கின்றோம். இவற்றோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வோமாக. குழந்தைக்கு ஆறாம் வயது நிறையும் நாளன்று, தாயும் தந்தையும் அதனை வெளிச்சத்தில் அமர்த்தி, வாயைத் திறக்கச் செய்து, கடைக்கோடியில் அப்புதிய பல் வந்துவிட்டதா என்று பார்ப்பீர்களாக. வந்திருப்பின் அதன் பெயரைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். 'இது விழாத பல், இதனை நீ காக்கவேண்டும்' என்று கூறுங்கள். வாராதிருப்பின் மாதந்தோறும் பாருங்கள். இதற்குப் புரோகிதரும் வேண்டா, பந்தலும் வேண்டா, பொருட்செலவும் இல்லை. ஒரு கைவிளக்கு போதும்.

 இன்றிரவு வீடு சென்றதும், உறங்குமுன் குழந்தைகளின் பற்களைத் துலக்கிவிடுமாறு வேண்டி அமர்கின்றேன்.